டார்ஜிலிங், சிக்கிம் போறவங்க மடாலயங்களை எப்படிப் பாக்கலாம்

நீங்க கேட்டது இதுதான். அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஏப்ரல்ல ஒரு பத்து நாள் டார்ஜிலிங், காங்டாக் போறீங்க, டிராவல்ஸ்காரர் ஒரு நாளைக்கு ஏழு பாயிண்ட்னு பிளான் போட்டுக் குடுத்திருக்கார், அதுல பாதிக்கு மேல மடாலயம், எல்லா மடாலயமும் ஒரே மாதிரிதான் இருக்கும் ரெண்டு பாத்தா போதும்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க, அப்போ எதைப் பாக்கறது எதை விடறது.

கம்மியா பாக்கறது நல்லதுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ஒரே மாதிரி இருக்கும்ங்கறதை ஒத்துக்க மாட்டேன். பத்து மணிக்கு ஜீப்ல போய் இறங்கி, இருவது நிமிஷத்துல சுத்திப் பாத்து, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு அடுத்த பாயிண்டுக்கு ஓடினா எல்லாமே செவப்புச் சுவரும் தங்கச் சிலையுமாத்தான் தெரியும். விடியக்காலைல போய் ஒரு பூஜை முழுக்க உக்காந்து பாத்தா ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதை இருக்கறது புரியும். நான் அந்தப் பக்கம் பல வருஷமா போய் வந்துகிட்டு இருக்கேன், யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், பாயிண்ட் கணக்கை விடுங்க, மேற்கு சிக்கிமுக்கு நாள் ஒதுக்குங்க, காலைல போங்க.

அந்த ஊர்ல டிரைவருங்க எல்லாரும் பேசறது பாயிண்ட் கணக்குதான். டார்ஜிலிங்ல மூணு பாயிண்ட்னா டைகர் ஹில், கூம் மடாலயம், பத்தாசியா லூப். ஏழு பாயிண்ட்னா மிருகக்காட்சிசாலை, மலையேற்றப் பயிற்சி நிலையம், தேயிலைத் தோட்டம், ஜப்பான் பகோடா இப்படி. காங்டாக்லயும் பெல்லிங்லயும் இதே பழக்கம்தான். டிரைவர் மேல தப்பு இல்ல, அவங்களுக்கு அதுதான் ரேட் பேச வசதி. நீங்க முன்னாடியே தெளிவா சொல்லிட்டா போதும், எங்களுக்கு மூணு இடம்தான், ஆனா ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு மணி நேரம் நிப்போம்னு. காத்திருக்கறதுக்கு என்னன்னு பேசி முடிச்சுட்டு வண்டில ஏறுங்க. தனியா எடுக்கற வண்டியை அங்க ரிசர்வ்னு சொல்வாங்க, சீட்டுக்குக் காசு குடுத்துப் போறது ஷேர் ஜீப். ஷேர்ல பத்துப் பேரை ஏத்துவாங்க, பெரியவங்களுக்கு மலைப் பாதையில பின்சீட் ரொம்பக் கஷ்டம். ஒருவேளை ஷேர்ல போக வேண்டி வந்தா அம்மா அப்பாவுக்கு நடு சீட்டா கேட்டு வாங்கிடுங்க.

இப்ப ஏன் ஒரே மாதிரி இல்லைங்கறதுக்கு வரேன். அந்தப் பகுதி மடாலயங்களை நான் நாலு காலமா பிரிச்சுப் பாப்பேன். முதல்ல சிக்கிம் ராஜ்ஜியம் உருவானப்ப, 17ம் நூற்றாண்டுல இருந்து 18ம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் வந்தது, இது எல்லாம் மேற்கு சிக்கிம்ல இருக்கு. ரெண்டாவது பிரிட்டிஷ்காரங்க டார்ஜிலிங்கை மலை ஊரா ஆக்கின பிறகு திபெத் வியாபாரப் பாதையை ஒட்டி வந்தது, கூம், காலிம்போங் இதெல்லாம். மூணாவது 1959ல திபெத்துல இருந்து அகதிகளா வந்தவங்க கட்டினது, ரும்டெக்கும் டார்ஜிலிங் பக்கத்துல இருக்கற டாலி மடாலயமும். நாலாவது இந்த இருவது இருவத்தஞ்சு வருஷத்துல சுற்றுலாவையும் மனசுல வெச்சு எழுப்பின பிரம்மாண்ட சிலைங்க, நாம்ச்சி பக்கத்துல சம்ட்ருப்சேல 135 அடி குரு பத்மசம்பவர், ரவங்லால 130 அடி புத்தர், பெல்லிங்ல 137 அடி சென்ரேசிக், அதாவது நம்ம அவலோகிதேஸ்வரர். ஒவ்வொரு காலத்துல இருந்தும் ஒண்ணு பாத்தா போதும். அப்படிப் பாத்தீங்கன்னா எதுவும் திரும்பப் பாத்த மாதிரி இருக்காது.

ரூட் விஷயத்துல டிராவல்ஸ்காரர் போட்ட பிளானை மாத்தச் சொல்லுங்க. வழக்கமா காங்டாக், டார்ஜிலிங், திரும்பி சிலிகுரினு போடுவாங்க, மேற்கு சிக்கிம் விட்டுப் போயிடும். நான் சொல்ற சுத்து என்னன்னா சிலிகுரியில இருந்து டார்ஜிலிங், அங்கிருந்து ஜோர்தாங் வழியா பெல்லிங், பெல்லிங்ல இருந்து யுக்சம், டாஷிடிங் பாத்துட்டு ரவங்லா, அப்புறம் காங்டாக், கடைசில காலிம்போங் வழியா சிலிகுரி. ஒரு வட்டம் மாதிரி வந்துடும், ஒரே ரோட்ல திரும்ப வர வேண்டியது ரொம்பக் கம்மி. டார்ஜிலிங் ஜோர்தாங் ரோடு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல செங்குத்தா இறங்கும், வாந்தி வர்றவங்களுக்கு மாத்திரை முன்னாடியே குடுத்துடுங்க. பெல்லிங்ல ரெண்டு ராத்திரி, யுக்சம்ல ஒரு ராத்திரி, இதைக் கொறைக்கவே கொறைக்காதீங்க, நாள் பத்தலைன்னா காங்டாக்ல கொறைச்சுக்குங்க.

டார்ஜிலிங் பத்தி முதல்ல ஒரு விஷயம், அது ஊட்டியை விட உயரம் கம்மி. டார்ஜிலிங் 2,045 மீட்டர் சுமாருக்கு, ஊட்டி 2,240. அதனால பெரியவங்களுக்கு மூச்சு வாங்குமோங்கற பயம் டார்ஜிலிங், பெல்லிங், காங்டாக் எங்கயும் தேவையில்ல. காங்டாக் 1,650 மீட்டர்தான், கொடைக்கானலை விடக் கீழ. ஆனா வடக்க ரொம்பத் தள்ளி இருக்கறதால குளிர் நம்ம மலை மாதிரி இருக்காது, ராத்திரி நல்லா நடுங்கும், ஏப்ரல்ல கூட ஸ்வெட்டர் மேல ஒரு ஜாக்கெட் வேணும்.

டைகர் ஹில்லுக்கு விடியக்காலை மூணரை மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க, நூத்துக்கணக்கான வண்டி வரிசையா நிக்கும், அப்பா அம்மாவைக் கூட்டத்துல நிக்க வெச்சு மேகம் மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பதிலா ஊர் நடுச் சதுக்கமான சௌரஸ்தாவுக்குப் பக்கத்துல ரூம் போட்டுட்டு, விடியும்போது அப்சர்வேட்டரி ஹில்லைச் சுத்திப் போற மால் ரோட்ல நடங்க. பாதை கிட்டத்தட்ட சமமா இருக்கும், வானம் தெளிவா இருந்தா அங்கிருந்தே காஞ்சன்ஜங்கா 8,586 மீட்டரும் முழுசா கண் முன்னாடி நிக்கும். அந்தக் குன்று உச்சியில மகாகாலர் கோயில் இருக்கு பாருங்க, அங்க இந்து பூசாரியும் பௌத்த லாமாவும் ஒரே சன்னதில பூஜை பண்றாங்க, பிரேயர் கொடியும் கோயில் மணியும் ஒண்ணா தொங்கும். ரொம்ப காலத்துக்கு முன்னாடி அங்கதான் ஒரு மடாலயம் இருந்தது, அது பிறகு கீழ பூட்டியா பஸ்திக்கு இறங்கிடுச்சு. அம்மாவுக்கு கட்டாயம் பிடிக்கும், ஏத்தம் கொஞ்சம் உண்டு, நிதானமா ஏறினா போதும்.

கூம்ல ஒரு சின்ன எச்சரிக்கை. மெயின் ரோட்டு மேலயே ஒரு மடாலயம் இருக்கு, சம்டென் சோலிங், நிறைய டிரைவர்கள் அதுல நிறுத்திட்டு இதான் கூம் மடாலயம்னுடுவாங்க. பழைய கூம் மடாலயம்னா யிகா சோலிங், ஸ்டேஷன் பக்கத்துல இருந்து உள்ள போற சின்ன ரோட்ல இருக்கு, 1850ல ஷெரப் க்யாட்சோங்கற லாமா ஆரம்பிச்சது, உள்ள 15 அடி மைத்ரேயர், அதாவது இனிமே வரப்போற புத்தர். நாம பாத்துப் பழகின புத்தர் பத்மாசனத்துல இருப்பார், மைத்ரேயர் நாற்காலில உக்காந்த மாதிரி ரெண்டு காலையும் கீழ தொங்கவிட்டு இருப்பார், எழுந்து வரத் தயாரா இருக்கார்னு விளக்கம் சொல்வாங்க. யிகா சோலிங்னு பேரைச் சொல்லியே கேளுங்க.

பொம்மை ரயிலையும் சேத்துக்கலாம். 1881லயே டார்ஜிலிங் வரைக்கும் வந்துடுச்சு, ரெண்டடி அகலத் தண்டவாளம், 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது. நம்ம நீலகிரி ரயில்ல நடுவுல பல் தண்டவாளம் இருக்கும், இங்க அது கிடையாது, வளையம் போட்டும் முன்ன பின்ன போற இசட் ரிவர்ஸ் வெச்சும்தான் மலை ஏறுது. நியூ ஜல்பைகுரில இருந்து முழுசா வந்தா ஒரு பகல் முழுக்கப் போயிடும், பெரியவங்களுக்கு அது வேண்டாம். டார்ஜிலிங் கூம் போய்த் திரும்பற ஜாய்ரைடு ரெண்டு மணி நேரம், அது போதும், முன்கூட்டியே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க. கூம் ஸ்டேஷன் 7,407 அடி உயரம், இந்தியாவுலயே அதிக உயரத்துல இருக்கற ரயில் நிலையம்.

சரி, இப்ப மேற்கு சிக்கிம். எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான இடம் இது, கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன்.

சிக்கிம்காரங்க அவங்க நாட்டையே ஒரு மறைவான புண்ணியப் பள்ளத்தாக்குனு நம்பறாங்க, 8ம் நூற்றாண்டுல குரு பத்மசம்பவர் வந்து ஆசீர்வதிச்சு, பின்னால வர்றவங்களுக்காக நூல்களையும் புனிதப் பொருட்களையும் அங்கங்க ஒளிச்சு வெச்சுட்டுப் போனார்ங்கறது அவங்க மரபு. 17ம் நூற்றாண்டுல திபெத்துல இருந்து மூணு லாமாக்கள் மூணு திசைலேர்ந்து யுக்சம்ல வந்து சந்திச்சாங்க, நாலாவது திசைலேர்ந்து ஒருத்தரைத் தேடிக் கூட்டிட்டு வந்து 1642ல ராஜாவா முடி சூட்டினாங்க, அவர்தான் முதல் சோக்யால், அதாவது சிக்கிம் ராஜா, புன்ட்சோக் நம்க்யால். அந்த வம்சம் 1975ல சிக்கிம் இந்தியாவோட 22வது மாநிலமா ஆகற வரைக்கும் இருந்தது. முடி சூட்டின இடம் யுக்சம்ல நோர்புகாங், இன்னும் அப்படியே இருக்கு. பெரிய மரத்தடியில கல்லால ஆன நாலு ஆசனம், முன்னால ஒரு சோர்ட்டன், அதாவது ஸ்தூபி, பாறையில ஒரு லாமாவோட கால் தடம்னு காட்டுவாங்க. டிக்கெட் கவுண்டர் கூட்டம் எதுவும் இருக்காது, அமைதியா ஒரு மணி நேரம் உக்காரலாம். ஊரே ரொம்பச் சின்னது, 1,780 மீட்டர் உயரம், காஞ்சன்ஜங்கா பக்கம் டிரெக்கிங் போறவங்க அங்கிருந்துதான் கிளம்புவாங்க. யுக்சமுக்கு மேல இருக்கற டுப்டி மடாலயம் 1701ல கட்டினது, சிக்கிமோட ஆரம்பகால மடாலயங்கள்ல ஒண்ணு, காட்டுக்குள்ள முக்கால் மணி நேரம் ஏறணும். அப்பா அம்மாவால முடியுமான்னு அங்க போய்ப் பாத்து முடிவு பண்ணுங்க, முடியலைன்னா அவங்களை நோர்புகாங்ல விட்டுட்டு நீங்க மட்டும் போய்ட்டு வரலாம்.

பெல்லிங் பக்கத்துல பெமயாங்சே. இந்த ஒண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீங்க. 1705ல வந்தது, திபெத்திய பௌத்தத்துலயே பழைய பிரிவான நிங்மாவோட மடாலயம், ராஜ்ஜியத்துல முதல் மரியாதை இதுக்குத்தான், சோக்யாலுக்கு முடி சூட்டற உரிமை இந்த மடத்து லாமாக்களுக்கு இருந்தது. வண்டி வாசல் பக்கமே போகும், அதனால பெரியவங்களுக்குச் சிரமம் இல்ல, உள்ள மாடிப்படி மட்டும் செங்குத்து. மூணாவது மாடில மரத்துலயே செதுக்கின ஏழு அடுக்கு மாளிகை ஒண்ணு இருக்கு, குரு பத்மசம்பவரோட சொர்க்கலோகம், துங்சின் ரின்போச்சேங்கற லாமா தனி ஆளா அஞ்சு வருஷம் செதுக்கினது. வானவில், தேவதைங்க, யானை, சிங்கம், குட்டிக் குட்டி மண்டபம் எல்லாம் இருக்கும். கண்ணாடிக்கு முன்னாடி நின்னு கீழ் அடுக்குல இருந்து மேல வரைக்கும் பொறுமையா பாருங்க. நிறையப் பேர் மூணாவது மாடிக்கே ஏறாம கீழ் ஹாலைப் பாத்துட்டுப் போயிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, அதனாலயே நல்லா பாக்க முடியும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்துல ராப்டென்ட்சே, சிக்கிமோட ரெண்டாவது தலைநகரம், 1670ல இருந்து 1814 வரைக்கும். நேபாளத்துல இருந்து கூர்க்காப் படை திரும்பத் திரும்ப வந்ததால தலைநகரத்தைக் கிழக்க தும்லாங்குக்கு மாத்திட்டாங்க, 1894ல காங்டாக். இப்ப ராப்டென்ட்சே வெறும் கல்சுவர்தான், தொல்லியல் துறை பராமரிக்குது. கேட்ல இருந்து காட்டுப் பாதையில அரை மணி நேரம் நடை. காலையில போனா காஞ்சன்ஜங்கா ஒரு பக்கமும் எதிர்மலை உச்சியில டாஷிடிங் மடாலயம் இன்னொரு பக்கமும் தெரியும்.

டாஷிடிங் 1641ல வந்தது, ரெண்டு ஆறு சேர்ற இடத்துக்கு மேல ஒரு தனிக் குன்றோட தலையில இருக்கு. கீழ வண்டியை விட்டுட்டு படியும் பாதையுமா அரை மணி நேரம் ஏறணும். மேல போனா மடாலயத்துக்குப் பின்னால வரிசையா வெள்ளை சோர்ட்டன்கள், சுத்திலும் மந்திரம் செதுக்கின கல் நூத்துக்கணக்குல, அதுல ஒரு சோர்ட்டன் பாத்தாலே பாவம் போகும்னு நம்பிக்கை. வருஷத்துக்கு ஒரு தடவை, திபெத்திய முதல் மாசத்துப் பௌர்ணமியில, அதாவது நம்ம மாசி பங்குனி வாக்குல பும்ச்சு திருவிழா. மூடி முத்திரை வெச்ச கலசத்தை ராத்திரியில திறந்து தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க, மட்டத்தை வெச்சு வரப்போற வருஷம் எப்படினு சொல்வாங்க, அந்தத் தண்ணில கொஞ்சத்தை ஜனங்களுக்குக் குடுத்துட்டு ரத்தோங் ஆத்துத் தண்ணியால திரும்ப நிரப்பி மூடி வெச்சுடுவாங்க. இந்த ஆத்துல யுக்சம் பக்கம் நீர்மின் திட்டம் கட்ட ஆரம்பிச்சப்ப லாமாக்களும் உள்ளூர் மக்களும் எதிர்த்து நின்னாங்க, 1997ல அரசாங்கம் திட்டத்தையே கைவிட்டுடுச்சு. ஒரு கலசத்துத் தண்ணிக்காக ஒரு ஆத்தை விட்டுக் குடுக்காம நின்ன ஊர் இது, அந்த மரியாதையோட அந்தப் படியில ஏறுங்க.

காஞ்சன்ஜங்காவும் அவங்களுக்குக் காவல் தெய்வம். 1955ல ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் ரெண்டு பேரும் முதல் தடவையா ஏறினப்ப சோக்யாலுக்குக் குடுத்த வாக்குப்படி உச்சிக்குக் கொஞ்சம் கீழயே நின்னுட்டாங்க. அதுக்குப் பிறகு ஏறின நிறையப் பேர் அதையே பின்பற்றி இருக்காங்க. 2016ல காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தப்ப இயற்கை, பண்பாடு ரெண்டுக்கும் சேத்துக் கிடைச்ச இந்தியாவோட முதல் இடம் அது. அந்தப் பண்பாடுங்கற பாதியைத்தான் நான் உங்களைப் போய்ப் பாக்கச் சொல்றேன்.

இப்ப உள்ள போனா என்ன பாக்கறதுன்னு சொல்லிடறேன், இது தெரிஞ்சா எந்த மடாலயமும் சலிக்காது. வாசல் மண்டபச் சுவர்ல நாலு திசைக் காவலர்கள் ஆள் உயரத்துக்கு இருப்பாங்க, கிழக்குக்காரர் வெள்ளை நிறம் கையில வீணை மாதிரி வாத்தியம், தெற்கு நீலம் கத்தி, மேற்கு செவப்பு பாம்பு, வடக்கு மஞ்சள், அவர் கையில கீரிப்பிள்ளை ரத்தினம் கக்கிக்கிட்டு இருக்கும், அவர்தான் நம்ம குபேரர். அதே மண்டபத்துல ஒரு பெரிய சக்கரத்தை பயங்கர உருவம் ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கும், அது எமன். சக்கரத்து நடுவுல பன்னி, பாம்பு, சேவல் ஒண்ணோட வாலை ஒண்ணு கவ்விக்கிட்டுச் சுத்தும், அறியாமை, வெறுப்பு, ஆசை. அதைச் சுத்தி ஆறு பிறவி உலகங்கள், வெளி வளையத்துல பன்னிரண்டு சார்புகள், அதாவது ஒண்ணைச் சார்ந்து ஒண்ணு வர்ற பிறவிக் காரணங்கள், குருடன், குரங்கு, படகுனு படம் படமா. அப்பாவுக்கு மணிமேகலை தெரிஞ்சிருந்தா அந்த இடத்துல நிறுத்திக் காட்டுங்க, அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்ற அதே பன்னிரண்டுதான் இங்க சுவர்ல வரைஞ்சிருக்கு.

உள்ள நடுவுல யார் இருக்காங்கன்னு பாருங்க. சுருண்ட மீசை, கையில வஜ்ராயுதம், தோள்ல சாஞ்ச திரிசூலத் தண்டு இருந்தா குரு பத்மசம்பவர், சிக்கிம் பழைய மடங்கள்ல பெரும்பாலும் அவர்தான் முக்கியம், ஏன்னா நிங்மா பிரிவு. மஞ்சள் கூம்புத் தொப்பி போட்ட சோங்கபா சிலை பெருசா இருந்தா அது கெலுக், தலாய் லாமாவோட பிரிவு, கூம் அப்படிப்பட்டது. கர்மாபாங்கற தலைமை லாமாவோட படம் முன்னால இருந்தா அது காக்யு பிரிவு. ரெண்டு பக்கமும் அலமாரி அலமாரியா துணி சுத்தின நீளக் கட்டு இருக்கும், அது புத்தர் வாக்குன்னு சொல்ற கங்யுர், நூத்துச் சொச்சம் தொகுதி. சமஸ்கிருதத்துல மூலம் அழிஞ்சு போன எத்தனையோ நூல் திபெத்திய மொழியிலதான் உயிரோட இருக்கு. பௌத்த தர்க்கத்தை நிறுவின திக்நாகர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பிறந்தவர்னு திபெத்திய மரபு சொல்லுது, இன்னிக்கும் அந்தத் தர்க்கத்தை மடாலயக் கல்லூரிகள்ல வருஷக்கணக்குல படிக்கறாங்க. சின்னப் பிக்குகள் முத்தத்துல நின்னு கையைத் தட்டி வாதம் பண்றதைப் பாத்தா நம்ம ஊர் ஆள் ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சதோட தொடர்ச்சின்னு நினைச்சுக்கங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

காலைப் பூஜை விடிஞ்சதும் ஆரம்பிக்கும், அஞ்சரை ஆறு மணிக்குள்ள போயிடுங்க, முதல் நாள் சாயந்திரமே அங்க யாராவது பிக்குகிட்ட நேரம் கேட்டு வெச்சுக்கிட்டா நல்லது. கிழக்க ரொம்பத் தள்ளி இருக்கறதால ஏப்ரல்ல அஞ்சு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துடும், சாயந்திரம் ஆறுக்கு இருட்டிடும், நம்ம ஊர் கடிகாரத்தை நம்பி மதியம் கிளம்பினா பாதிநாள் போச்சு. செருப்பைக் கழட்டிட்டு, தொப்பி எடுத்துட்டு, சுவர் ஓரமா உக்காந்துடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடித் தொண்டையில ஓதிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு தாளமும் பெரிய முரசும் பத்தடி நீளக் கொம்பும் ஒண்ணா எழும்பும். கூட ஒலிக்கற க்யாலிங் நம்ம நாதஸ்வரம் மாதிரியே சீவாளி வெச்ச வாத்தியம், மூச்சு விடாம ஊதுவாங்க. நடுவுல சின்னப் பையன் ஒருத்தன் கெட்டில்ல உப்பு போட்ட வெண்ணெய் டீ கொண்டு வருவான், உங்களுக்கும் நீட்டினா வாங்கிக்கங்க. சுத்தறது எப்பவும் வலம்தான், கோயில்ல சுத்தற மாதிரியே, பிரேயர் வீலும் அப்படித்தான் உருட்டணும். சிலையை நோக்கிக் காலை நீட்டக் கூடாது, தரையில இருக்கற புஸ்தகத்தைத் தாண்டக் கூடாது. பிக்குகளைக் கேக்காம போட்டோ எடுக்காதீங்க, அதுலயும் குழந்தைப் பிக்குகளைக் கூப்பிட்டு நிக்க வெச்சு எடுக்கறதை நான் அடிக்கடி பாக்கறேன், அது அவங்க பள்ளிக்கூடம், வேடிக்கை இடம் கிடையாது. வெண்ணெய் விளக்கு ஏத்தக் காசு குடுக்கலாம், அம்மா கையால ஏத்தச் சொல்லுங்க.

வெளிய அஞ்சு கலர்ல கயித்துல கட்டின கொடி எல்லாருக்கும் தெரியும். ஆனா மலைச்சரிவுல உயரக் கம்பத்துல வெறும் வெள்ளைக் கொடியா வரிசையா நட்டிருந்தா அது பெரும்பாலும் இறந்தவங்களுக்காக, 108 கொடி நடுவாங்க. அதுக்கு நடுவுல போய் செல்ஃபி எடுக்க வேண்டாம்.

ரவங்லால அந்தப் புத்தர் பூங்கா 2013ல தலாய் லாமா வந்து திறந்து வெச்சது, இடம் அழகு, தரை சமம், பெரியவங்களுக்கு வசதி. புதுச் சிலைகள்ல இந்த ஒண்ணு போதும். அம்மாவுக்குக் கோயில் வேணும்னா நாம்ச்சி சித்தேஸ்வர தாம் போகலாம், நாலு தாம்னு சொல்ற நாலு பெரிய புண்ணியத் தலங்களோட மாதிரியையும் ஒரே வளாகத்துல கட்டியிருக்காங்க, நம்ம ராமேஸ்வரம் கோபுரமும் அதுல ஒண்ணு.

காங்டாக்ல ரும்டெக். ஊர்ல இருந்து 24 கி.மீ., எதிர்மலையில இருக்கு. கேட்ல இருந்து பத்துப் பதினஞ்சு நிமிஷம் மேட்டுல நடக்கணும். கர்மா காக்யு பிரிவோட தலைவர் 16வது கர்மாபா ராங்ஜுங் ரிக்பே டோர்ஜே 1959ல திபெத்தை விட்டு வந்தப்ப சோக்யால் நிலம் குடுத்தார், திபெத்துல விட்டுட்டு வந்த சுர்ஃபு மடாலயத்தை மனசுல வெச்சு இதைக் கட்டி 1966ல முடிச்சார். 1981ல அவர் காலமானார், அவருக்குப் பிறகு அடுத்த கர்மாபா யாருங்கறதுல ரெண்டு தரப்பு ஆயிடுச்சு, அந்தப் பிரச்சினையாலதான் வாசல்ல துப்பாக்கியோட காவல் நிக்குது, அடையாள அட்டை பாப்பாங்க. அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம். மெயின் ஹாலைப் பாத்துட்டுத் திரும்பிடாம பின்பக்கம் நாலந்தா கல்லூரியையும், 16வது கர்மாபாவோட அஸ்தி இருக்கற தங்க ஸ்தூபியையும் பாருங்க. ஊருக்குள்ள நம்க்யால் திபெத்தியல் நிலையம் 1958ல ஆரம்பிச்சது, கையெழுத்துப் பிரதி, துணியில வரையற தங்கா ஓவியம், பழைய சிலைங்க எல்லாம் நல்லா வெச்சிருக்காங்க. பக்கத்துலயே டோட்ருல் சோர்ட்டன், சுத்தி 108 பிரேயர் வீல். இந்த ரெண்டும் ஒரு காலைக்கு வரும், காங்டாக்ல மத்ததை எல்லாம் தைரியமா விட்டுடலாம். சாயந்திரம் எம்.ஜி.மார்க்ங்கற கடைவீதியில வண்டி வராது, பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாக்க அப்பா அம்மாவுக்கு நல்லா பொழுது போகும்.

சீன எல்லையில இருக்கற நாதுலா கணவாய்க்குப் போகணும்னு கண்டிப்பா ஆசை வரும். 4,310 மீட்டர், ஒரே காலைல காங்டாக்ல இருந்து 2,600 மீட்டருக்கு மேல ஏறறோம், பிரஷர், இதயப் பிரச்சினை, ஆஸ்துமா இருக்கறவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, டாக்டரைக் கேக்காம சும்மா மாத்திரை வாங்கிப் போட்டும் போக வேண்டாம். திங்கள் செவ்வாய் கிடையாது, பர்மிட் ஏஜென்ட் மூலமா முதல் நாளே எடுக்கணும், வோட்டர் ஐடியும் போட்டோவும் எல்லாருக்கும் கையில இருக்கட்டும். குருடோங்மார் ஏரி 5,000 மீட்டருக்கு மேல, பெரியவங்களோட வேண்டவே வேண்டாம்.

காலிம்போங்கை எல்லாரும் சாப்பாட்டுக்கு நிறுத்தற ஊரா ஆக்கிட்டாங்க, ஒரு ராத்திரி தங்குங்க. 1962க்கு முன்னாடி லாசாவுல இருந்து ஜெலப் லா கணவாய் வழியா கோவேறு கழுதை மேல கம்பளி வந்து இறங்கின ஊர், திபெத்திய மொழிப் பத்திரிகையே இங்கிருந்துதான் வந்துகிட்டு இருந்தது. டுர்பின் மலை மேல இருக்கற சாங் டோக் பால்ரி மடாலயத்துல இருந்து கீழ டீஸ்டா ஆறு தெரியும், சாயந்திரம் போங்க.

சாப்பாடு பத்தி, சைவம்னா கஷ்டமே இல்ல, சோறு பருப்பு எல்லா ஊர்லயும் கிடைக்கும், வெஜ் மோமோ, நூடுல்ஸ் சூப்பான துக்பா கேட்டுச் சொல்லி வாங்குங்க, சூப்பு எலும்புத் தண்ணியா இல்லையான்னு மட்டும் விசாரிச்சுக்கங்க. சிக்கிம்ல பிளாஸ்டிக் பாட்டில் தண்ணிக்குத் தடை இருக்கு, ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போனா வெந்நீர் எந்தக் கடையிலயும் ஊத்திக் குடுப்பாங்க.

ஏப்ரல்ல ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும், அது கொடுப்பினைதான். ஆனா மலை தெரியறது உறுதி இல்ல, பனிமூட்டம் அதிகம். மலைக்குன்னே போறதுன்னா அக்டோபர் கடைசிலேர்ந்து டிசம்பர் ஆரம்பம் வரைக்கும் நல்ல காலம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் போகவே வேண்டாம், மண்சரிவு. 2023 அக்டோபர்ல தெற்கு லோனாக் ஏரி உடைஞ்சு சுங்தாங் அணையையே அடிச்சுட்டுப் போனதுல இருந்து டீஸ்டா ஓரமா போற என்.எச்.10 ரோடு பலவீனமாத்தான் இருக்கு, மழை பெஞ்சா மூடிடறாங்க. மூடினா லாவாங்கற ஊர் வழியா சுத்தி வரணும், ரெண்டு மூணு மணி நேரம் கூட ஆகும். அதனால திரும்பற ரயிலோ ஃபிளைட்டோ இருக்கற அன்னிக்கே மலையை விட்டு இறங்கற மாதிரி வெச்சுக்காதீங்க. கன்னியாகுமரி திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ்ல வர்றதா இருந்தா கோயம்புத்தூர், சேலம்ல ஏறி நியூ ஜல்பைகுரில இறங்கலாம், ரெண்டு ராத்திரிக்கு மேல ஆகும், பெரியவங்களுக்கு சிலிகுரி பக்கத்துல இருக்கற பாக்டோக்ரா விமான நிலையத்துக்கு ஃபிளைட்தான் நல்லது. எதுல போனாலும் முதல் நாள் மதியமே சிலிகுரிக்கு இறங்கி அங்க ஒரு ராத்திரி தங்கிட்டுக் கிளம்புங்க.